பல்லுக்குப் பல்

கே: ஷிமானோ, ஸ்ராம், கம்பக்னோலோ: ரேஸ் சைக்கிளின் கியர் செட்டில் எது உசத்தி? (ஹைதராபாத், கச்சிபௌலி வாசகர்)

ப: டூர் டி பிரான்ஸைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். 2021-ல் ஜெயித்த போகாச்சர் ஓட்டியது கம்பக்னோலோ. 2022-ல் விங்கேகோர், ஷிமானோ. 2023-ல் அதே விங்கேகோர், ஸ்ராம். ஜெயிப்பவர் போடும் மஞ்சள் பனியனுக்குத் தொடையைத்தான் தெரியும்.

கே: ஷிமானோவில் டியூரா-ஏஸா, அல்டெக்ராவா?

ப: இரண்டுக்கும் பின்னால் 12 பல்சக்கரம், இரண்டிலும் மின்சாரக் கியர். எடை வித்தியாசம் 300 கிராமுக்குள். பாட்டில் தண்ணீரில் பாதியைக் குடித்தால் கணக்கு நேர். அல்டெக்ரா வாங்குங்கள், மிச்சமாகும் காசுக்கு நல்ல டயர்.

கே: கம்பக்னோலோ என்றதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, ஏன்? (மாரேட்பள்ளி வாசகி)

ப: துல்லியோ கம்பக்னோலோ பந்தய வீரர். 1927-ல் ஒரு பனிமலைப் பந்தயத்தில் விரல் மரத்து, சக்கரத்து நட்டைத் திருக முடியாமல் தவித்தார் என்பார்கள். நெம்புகோலைத் திருப்பினாலே சக்கரம் கழலும் அச்சு, பின்னால் அவர் கையிலிருந்துதான் வந்தது. 1933-ல் இத்தாலியின் விசென்சாவில் கம்பெனி. கும்பிடத்தக்க மனிதர்தான். ஆனால் உதிரி எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிட்டுக் கும்பிடுங்கள்.

கே: அனந்தகிரி ஏற்றத்தில் மின்சாரக் கியரின் பேட்டரி செத்தால்?

ப: ஷிமானோவில் சீட் குழாய்க்குள் ஒரே பேட்டரி; ஒரு சார்ஜுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். ஸ்ராமில் முன் கியருக்கு ஒன்று, பின் கியருக்கு ஒன்று, இரண்டும் ஒரே அளவு. முன் கியரை நாம் அதிகம் மாற்றுவதில்லை. அதில் சார்ஜ் மிச்சமிருக்கும். கழற்றிப் பின்னால் மாட்டுங்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு!

கே: பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதானே?

ப: அய்யய்யோ! ஷிமானோவுக்கும் கம்பக்னோலோவுக்கும் மினரல் ஆயில். ஸ்ராம் ரேஸ் பிரேக்குக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் கெட்டுப்போகும். அப்புறம் உங்களை நிறுத்துவது முன்னால் போகும் பஸ்தான். டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கே: அவுட்டர் ரிங் ரோடு சைக்கிள் பாதைக்கு எது பொருத்தம்? (நானக்ராம்குடா வாசகர்)

ப: 2023 அக்டோபர் 1-ல் திறந்த 23 கிலோமீட்டர் பாதை. மேலே சூரியத் தகடுக் கூரை, 16 மெகாவாட். கீழே நீங்கள் 200 வாட்டை ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தாலே வீரர். அதற்கு மலிவான கம்பிக் கியரே தாராளம்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்க?

ப: உங்கள் மெக்கானிக்கிடம் போய், எந்த கம்பெனி பிரேக்கில் காற்றெடுக்கும் சாமான் அவரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற கம்பெனி.