நூறு நாள் வேலையில் 46 வயது: பொறுப்பாளருக்குச் சில உபாயங்கள்

பாகூர் ஏரியிலோ ஊசுட்டேரி வாய்க்காலிலோ தூர் வார ஆள் இறக்கிவிட்டீர்கள். வந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலருக்குத் தூரம் நிற்கிற வயசு. மேல்நாட்டில் 51-ஐ ஒட்டி வருவது நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-லேயே வந்துவிடுகிறது. கூலியைத் தவிர மற்றதெல்லாம் நமக்குச் சீக்கிரம்தான்.

பதினொரு மணிக்கு ஓர் அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "உள்ளேர்ந்து கொதிக்குது தம்பி" என்பார். "மே மாசம்க்கா, எல்லாருக்கும்தான் கொதிக்குது" என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி வேர்த்து எழுந்து விடியும்வரை உட்கார்ந்திருந்ததை அவர் சொல்லமாட்டார். நீங்களும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

2005-ஆம் வருஷச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி மூன்றும் வேண்டும் என்றது. கரையில் தானாக முளைத்த கருவேல மரத்தை நிழல் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கழிப்பறை அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆகையால் நீங்கள் நிரபராதி. நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் சிலருக்கு மாதவிடாய் தேதி தப்பி வரும், வந்தால் கொட்டித் தீர்க்கும். துணி மாற்ற வீட்டுக்குப் போனவர் மதியப் போட்டோவில் இருக்கமாட்டார். வருகையைப் பதிகிற செல்போன் செயலிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை முகம் வேண்டும்; இடுப்புக்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

"கர்ப்பப்பைய எடுத்துடு, தொல்லை விட்டுது" என்று கரையிலேயே வைத்தியம் சொல்ல ஆள் இருக்கும். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதே கொதிப்பு ஒரேயடியாக வந்து சேரும் என்பதை யாரும் சொல்வதில்லை. இது ஒன்றை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லுங்கள்: ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஜிப்மருக்குப் போய்க் காட்ட வேண்டும். புற்றுநோயாக இருக்க வாய்ப்புண்டு.

விடுப்பு கேட்டால்? 2023-இல் புதுச்சேரி அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் மூன்று வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் சலுகை தந்தது, வீட்டில் பூஜை செய்ய. உடம்புக்கென்று கேட்டிருந்தால் கோப்பு நகர்ந்திருக்குமா தெரியாது. மண் சுமக்கிறவருக்கு அந்தச் சலுகையும் இல்லை.

அக்டோபர் 18 உலக மெனோபாஸ் தினம். அன்றைக்கு வில்லியனூரில் பேனர் வைக்க நினைத்தால் தாராளமாக வையுங்கள். மறுநாள் அவிழ்த்து ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, நாலு கம்பு நட்டுச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு குடம் தண்ணீரும் உள்ளே வைக்கவும். படம் இருக்கும் பக்கம் வெளியே பார்க்கட்டும்.