இரண்டு நாள் மாணவர்கள்

ஹாஸ்டல் வாசலில் செக்யூரிட்டி மேசைமீது கிடக்கும் பார்வையாளர் நோட்டில் ‘வந்த நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சனி, ஞாயிறுகளில் வந்து இறங்கும் பெற்றோர் அநேகமாக எல்லோரும் அதில் ‘பிள்ளையைப் பார்க்க’ என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இத்தனை பேர் ஒருமித்து ஒன்றைச் சொன்னால், அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று சந்தேகப்படுவதுதான் முறை. பிள்ளையைப் பார்க்க யாரும் அத்தனை தூரம் போவதில்லை என்பது என் கட்சி. அவர்கள் பார்க்கப் போவது கல்லூரியை. இன்னும் சரியாகச் சொன்னால், தாங்கள் படிக்காமல் விட்ட கல்லூரியில் இரண்டு நாள் படித்துவிட்டு வரப் போகிறார்கள். பிள்ளை அதற்கு ஒரு சாக்கு. அந்தச் சாக்கு சனிக்கிழமை காலை பத்து மணிவரை தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்தாததே என் கட்சிக்கு முதல் சாட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காத்திவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011இல் சென்னை மாநகராட்சி எல்லையை விரித்தபோது உள்ளே வந்த ஊர். மண்டல வரிசையில் முதல் மண்டலம், மற்ற வரிசைகளில் எல்லாம் கடைசி. அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கோவையில் பொறியியல் சீட் கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். சென்ட்ரலிலிருந்து கோவை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சேரன் எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏற்றி விடியலில் இறக்கிவிடும். அதைப் பற்றிக் கவலையே இல்லை. கவலையெல்லாம் காத்திவாக்கத்திலிருந்து சென்ட்ரல் வரைக்குமான பதினைந்து சொச்சம் கிலோமீட்டரைப் பற்றித்தான். கும்மிடிப்பூண்டி வண்டி பேசின் பிரிட்ஜ் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஜோசியருக்கும் தெரியாது. அதனால் பத்து மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். பிள்ளை மதுரையிலோ நெல்லையிலோ படித்து, இவர்கள் அரசுப் பேருந்தில் போவதாக இருந்தால் நிலைமை இன்னும் விசேஷம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு, வண்டி ஏறவே ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போக வேண்டும். காத்திவாக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்தவர் பாதி யாத்திரையை முடித்தவர்.

இவ்வளவு பாடுபட்டுப் போய், பிள்ளையை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்? சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குளித்துவிட்டு வரும் பிள்ளை, சாப்பாட்டுக்குப் பிறகு ‘ரெக்கார்டு எழுதணும்’ என்று உள்ளே போய்விடும். சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மருதமலை ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் எட்டு மணி நேரம் தேறலாம். அதிலும் பாதி நேரம் பிள்ளை செல்போனைப் பார்க்கும். பெற்றோர் பிள்ளையின் உச்சந்தலையைப் பார்ப்பார்கள். முகம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தினமும் ராத்திரி வீடியோ காலில் வருகிற முகம் இதைவிடப் பெரிது, தெளிவு, செலவும் இல்லை. ஆகவே ‘பார்க்க’ என்ற வாக்குமூலம் கணக்கில் நிற்கவில்லை.

வேவு பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் எல்லோருடைய கட்சியும் அதுதான். ஆனால் எந்த வேவுகாரர் ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டு, எத்தனாம் தேதி, எந்த ரயில், எந்தப் பெட்டி என்று சொல்லிவிட்டு வருகிறார்? அந்த ஒரு வாரத்தில் அறை பெருக்கப்படுகிறது, சுவரில் ஒட்டியிருந்தவை இடம் மாறுகின்றன, அலமாரியில் பாடப்புத்தகங்கள் முன்வரிசைக்கு வருகின்றன. நண்பர்கள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒத்திகை நடக்கிறது. பெற்றோருக்கும் இது தெரியும். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு வீடு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அறையும் இருக்கும் என்று தெரிந்தேதான் வருகிறார்கள். பெண்கள் விடுதியாக இருந்தால் தகப்பன் வரவேற்பறையைத் தாண்டவே முடியாது. நாற்காலியையும் வார்டன் மேசையையும் வேவு பார்க்க யாரும் 500 கிலோமீட்டர் போகமாட்டார்கள்.

அடுத்த வாதம் சாப்பாடு. ‘மெஸ் சோறு சரியில்லை, புள்ளை இளைச்சுப்போச்சு, அதான் எடுத்துக்கிட்டுப் போறோம்.’ காத்திவாக்கம் விஷயத்தில் இது லேசில் தள்ளக்கூடிய வாதமில்லை. பக்கத்து எண்ணூர் முகத்துவாரத்து இறால் தொக்கு எவர்சில்வர் தூக்கில் வருகிறது. வஞ்சிரம் வறுவல் வாழையிலையில் வருகிறது. நெத்திலிக் கருவாடு நாலு பிளாஸ்டிக் கவருக்குள் வருகிறது. இருந்தாலும் காட்பாடி தாண்டுவதற்குள் பெட்டியில் உள்ள அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடுகிறது. ஆனால் தூக்கைத் திறந்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அறைத் தோழர்கள் மூவரும் பக்கத்து அறைக்காரர்கள் நால்வரும் பத்து நிமிஷத்தில் தொக்கைத் துடைத்துவிடுகிறார்கள். சொந்தப் பிள்ளைக்கு இரண்டு இறால் கிடைத்தால் அதிர்ஷ்டம். தாய் சண்டைக்குப் போக வேண்டிய இடம் இது. அவரோ பூரித்துப்போய், ‘உங்க ஊரு எதுப்பா? இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ கண்ணு’ என்கிறார். அடுத்த அரை மணியில் தர்மபுரிப் பையன், தென்காசிப் பையன் எல்லோருடைய குடும்ப வரலாறும் அவருக்கு அத்துப்படி. தொக்கு பிள்ளைக்குப் போட்ட சாப்பாடு அல்ல. தாய் விடுதியில் சேருவதற்குக் கட்டிய அட்மிஷன் பீஸ்.

சேரும் உரிமை அவர்களுக்கு உண்டா என்றால், அரசாங்கமே எழுத்துபூர்வமாகக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2010 முதல், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விக்குப் போகும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா யாருமே பட்டம் வாங்கவில்லை என்று அந்தச் சான்றிதழ் உறுதி சொல்கிறது. உலகத்தில் சான்றிதழ்கள் எல்லாம் படித்ததற்குத்தான் கொடுக்கப்படுகின்றன. படிக்காததற்குக் கொடுக்கப்படுவது இது ஒன்றுதான். பிள்ளை மதிப்பெண் எடுத்து சீட் வாங்கியது சரி. கட்டணச் சலுகையைச் சம்பாதித்தது பெற்றோரின் படிக்காமைதான். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். அப்படியானால் இங்கே எத்தனையோ வீடுகளில் மகன் உள்ளே, தகப்பன் வெளியே. வெளியே நிற்கிறவருக்கு உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். விடுதி மாடிக்குப் போக விட்டால் தாய் முதலில் தொடுவது கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை. விரலில் கரி ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017வரை ஓடிய பக்கத்தில் வாழ்ந்தவர்; துணி காயப் போடுவதற்குமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தே பழகியவர். ஒட்டவில்லை என்றதும் அடுத்த சட்டையையும் தொட்டுப் பார்க்கிறார். பிறகு குழாயில் ஒரு வாய் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, பாட்டில் இருக்கும் அளவுக்கு நிரப்பியாக வேண்டும். தகப்பனின் ஆராய்ச்சி வேறு வகை. லேலண்டில் ஷிப்ட் பார்த்தவராகவோ, கான்ட்ராக்டில் லேத் ஓட்டியவராகவோ இருந்தால், பூட்டிக் கிடக்கும் ஒர்க் ஷாப் ஜன்னலைத் தாண்டி அவரை நகர்த்த முடியாது. ‘சக்குல சாவியை மாட்டிட்டே போயிருக்கானுங்க பாரு. தெரியாம எவனாச்சும் ஆன் பண்ணா, சாவி பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும்.’ மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளை அந்த ஜன்னலை ஆயிரம் தடவை கடந்திருக்கும். ‘நைனா, மெதுவாப் பேசு’ என்பதுதான் அதன் பதில். அந்த ஐந்து நிமிஷத்தில் அந்த வளாகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர் யார்?

‘இதெல்லாம் படிக்காத பெற்றோருக்குச் சரி, பட்டதாரிப் பெற்றோரும் போகிறார்களே?’ என்று கேட்கலாம். அவர்கள் போவது அரியர் எழுத. ‘எங்க காலத்துல இந்த பிளாக்கே கிடையாது’ என்று ஆரம்பித்து, தாங்கள் கட்டடித்த வகுப்பு, கோட்டைவிட்ட பேப்பர் எல்லாவற்றையும் பிள்ளையின் கல்லூரியில் வைத்துப் பாஸ் செய்துவிட்டு வருகிறார்கள். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1837இல் ஜான் ரஸ்கின் ஆக்ஸ்போர்டில் படிக்கப் போனபோது அவருடைய தாயார் அதே ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் அறை எடுத்துத் தங்கினார். லண்டனில் ஒயின் வியாபாரம் பார்த்த தகப்பனார் வார இறுதிகளில் வந்து சேர்ந்துகொண்டார். டக்ளஸ் மெக்கார்தர் 1899முதல் 1903வரை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்த காலத்தில் அவருடைய தாயார் பக்கத்து ஹோட்டலிலேயே குடியிருந்தார். மகன் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். பிற்காலத்தில் ஜப்பானையே நிர்வாகம் செய்தவருக்கு மேலேயும் ஒரு வார்டன் இருந்திருக்கிறார். நம் பக்கத்தில் 1871இல் உ.வே. சாமிநாதையரை மாயூரத்துக்குக் கூட்டிப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தது அவருடைய தகப்பனார்தான். இவர்களோடு ஒப்பிட்டால் காத்திவாக்கத்துக்காரர் சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி ரயிலேறுவது மிக நாகரிகமான நடத்தை.

கனமான ஆட்சேபணை ஒன்று பாக்கி. பெற்றோர் வந்தால் பிள்ளைக்குக் கூச்சம். தனித்து நிற்கப் பழகும் வயதில் இது இடைஞ்சல் இல்லையா? இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. கேன்டீனுக்குப் போகும்போது பிள்ளை மூன்றடி முன்னால் நடப்பதும், தகப்பன் சத்தமாகத் தும்மினால் யாரோ தும்மியதுபோல் பார்ப்பதும் உண்மை. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு ஆயுசு குறைவு. தொக்கு தீர்ந்த நிமிஷத்திலிருந்து தோழர்கள் ‘அம்மா எப்ப மறுபடி வருவாங்க?’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்குமேல் வெட்கப்படப் பிள்ளைக்கு இடமில்லை. தனித்து நிற்பதற்கு வருஷத்தில் மீதி நாளெல்லாம் இருக்கிறது. ரஸ்கின் வீட்டார் மாதிரி மூன்று வருஷம் குடியிருந்தால் நானே எதிர்க்கட்சியில் சேருவேன். கூலி போகிறது, டிக்கெட் செலவு வேறு என்பாரும் உண்டு. ஒரே கட்டணத்தில் மூன்று பேரைப் படிக்க வைக்கும் திட்டம் வேறு எங்கே இருக்கிறது?

உண்மையான குறை வேறு. அவர்கள் தேர்ந்தெடுக்கும் நாள்தான் தப்பு. சனி, ஞாயிறில் வகுப்பறை பூட்டு, நூலகம் அரை நாள், பேராசிரியர் ஊரில் இல்லை, லேத் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். கல்லூரி எது செய்வதற்காகக் கட்டப்பட்டதோ, அதைச் செய்யாத இரண்டே நாள் பார்த்துப் போகிறார்கள். நாலு வருஷம் கழித்துப் பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிடும்போதும் ஷாமியானாவையும் கறுப்பு அங்கியையும்தான் காட்டுகிறார்கள். ஆகவே கல்லூரிகளுக்கு ஒரு யோசனை: முதல் பட்டதாரிகளின் பெற்றோருக்கு வருஷத்தில் ஒரு வேலை நாள் ஒதுக்குங்கள். மெஸ்ஸில் டோக்கன், ஒர்க் ஷாப்பில் ஒரு மணி நேரம், வகுப்பில் கடைசி பெஞ்சில் இரண்டு இடம். பிள்ளைக்கு 75 சதவீத வருகை கேட்கிறவர்கள், பெற்றோருக்கு ஒரு பீரியடாவது போடலாம். படிக்கவில்லை என்பதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டார். படிக்க வந்தார்கள் என்பதற்குக் கல்லூரி முதல்வர் ஒரு கையெழுத்துப் போடட்டும். ராத்திரி ரயிலில் வந்த களைப்பில் அவர்கள் வகுப்பிலேயே தூங்கிவிடுவார்களே என்று கவலைப்பட வேண்டாம். கடைசி பெஞ்சில் வழக்கமாக நடப்பதுதான் அது. அன்றைக்கு அவர்களை வேறு யாரென்றும் பிரித்துச் சொல்ல முடியாது.