நாய்க்கு எதற்கு நெய்தல்?

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. கடத்தூர்க்காரர் நாயோடு சொகுசாக அலை பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்குத்தான் போயாக வேண்டும். பொம்மிடியிலோ மொரப்பூரிலோ ரயிலேறுவதானால், ஏசி முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாய்க்குக் கார்டு பெட்டியின் கூண்டுதான். இத்தனையும் நாயின் மகிழ்ச்சிக்காம். அதற்கோ வியர்ப்பது பாதத்தில் மட்டும். உடற்சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. மே மாத மணல் அந்தப் பாதத்தையும் சுடும். உப்புநீரைக் குடித்தால் வாந்தி, பேதி. கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் வாடகை வேறு. உலகை முகர்ந்தே அறிகிற பிராணிக்குக் கருவாடு காயும் குப்பம் போதாதா?

தனியே விட்டுப்போவது பாவமில்லையா என்பார்கள். பூட்டிய வீட்டில் அடைத்தால் பாவம்தான். ஆனால் அதற்குப் பரிகாரம், நாயோடு பழகிய ஒருவரை நாலு நாள் சோறு வைக்கச் சொல்வது. நீச்சல் குளத்தருகே கேக் ஊட்டுவதல்ல. கூட்டிப்போயே தீருவேன் என்பவர்கள் மார்கழி, தையில் போகட்டும், விடியலில் மணலில் ஓடவிடட்டும். படத்துக்காகக் கூலிங்கிளாஸ் மாட்டுவதை மட்டும் எந்த மாதத்திலும் தவிர்க்கலாம்.