ஐந்து ரூபாய் மொய்

என் தங்கை கல்யாணத்துக்கு உசிலம்பட்டி மாமா வைத்த மொய் ஐந்து ரூபாய். இதை நான் சொல்லவில்லை, நான் எழுதிய நிரல் சொல்கிறது. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வாக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு தலைமுறைப் பகைக்கு இதில் பாதி போதும்.

அப்பா அந்தப் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர். 1964இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை தெற்கத்திக் குடும்பங்கள் எத்தனையையோ இழுத்து வந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று ரயில் பாதை ஓரமாக உட்காரவைத்தது. நாங்கள் இறங்கியது திருமுல்லைவாயிலில். சொந்த ஊரில் நிலமெல்லாம் விட்டுவிட்டு வந்தாலும் மொய் நோட்டை மட்டும் யாரும் விட்டுவிட்டு வரவில்லை. யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள், நாம் திரும்ப எவ்வளவு செய்தோம் என்று பழுப்பேறிய நோட்டுகள் எங்கள் பரணில் இருக்கின்றன. செய்முறை என்று நாங்கள் சொல்லும் இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்களுக்கு அன்பு, கடன், வரலாறு மூன்றும்.

நான் கணினிக்காரன். அதிலும் எண்களையும் தேதிகளையும் அந்தந்த நாட்டுக்காரர் வழக்கப்படி எழுதிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. ஜெர்மன்காரருக்கு ஆயிரத்துக்குப் புள்ளி, காசுக்குக் கமா என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படி ஒருவன் வீட்டில் இருக்கும்போது நாற்பது ரூபாய்க்கு நோட்டு வாங்கி மொய் எழுதுவதா என்று எனக்கு வந்தது ரோஷம். அழைப்பிதழ் முதல் மொய்க் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் ஒரே நிரல் என்று திண்ணையில் உட்கார்ந்து அறிவித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதலில் அழைப்பிதழ். முகூர்த்தம் 2024 ஜூலை 10, புதன்கிழமை, காலை 9 மணிக்கு மேல் 10.30க்குள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள். நான் எழுதியது ஜாவாஸ்கிரிப்டில். அந்த மொழியில் தேதி ஒன்றுக்கு 1, வருஷம் 2024க்கு 2024, ஆனால் மாதம் மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி 0, பிப்ரவரி 1. இதைப் பத்துப் பையன்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஜூலை ஏழாவது மாதம் என்று கைவாக்கில் 7 என்று போட்டேன்.

நிரல் தன் கடமையைச் செய்தது. அச்சு மாதிரியில் வந்த தேதி ஆகஸ்ட் 10. கிழமையையும் தமிழ் மாதத்தையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்படி செய்திருந்தேன் அல்லவா, அதுவும் பிசகாமல் வந்தது: சனிக்கிழமை, ஆடி மாதம். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம். ஆடியில், சனியில், ராகு காலத்தில் ஒரு கல்யாணம். வேண்டுமென்றே தேடினாலும் இப்படி ஒரு நேரத்தைப் பிடித்திருக்க முடியாது. போதாததற்கு வருஷத்தையும் தொகை என்று நினைத்து ‘2,024’ என்று கமா வைத்திருந்தது.

வரவேற்பு ‘பிற்பகல் 7:00’ என்று இருந்ததற்கு மட்டும் நான் முழுப் பொறுப்பு இல்லை. யூனிகோட் அமைப்பு உலக மொழிகளுக்கெல்லாம் தேதி, எண் வழக்கங்களைத் திரட்டி சி.எல்.டி.ஆர். என்ற தரவுத் தொகுப்பாக வைத்திருக்கிறது. நம் கைபேசிகள் அதைத்தான் பார்த்து எழுதுகின்றன. அதில் தமிழுக்கு மதியம் பன்னிரண்டு வரை முற்பகல், அதற்குப் பின் பிற்பகல். விடியற்காலை மூன்றும் முற்பகல், ராத்திரி பதினொன்றும் பிற்பகல். காலை, மதியம், மாலை, இரவு என்று நாளைப் பகுத்துச் சொல்லும் வழியும் அதே தொகுப்பில் உண்டு. கேட்டால் தரும். நான் கேட்கவில்லை.

தமிழ் இலக்கத்தில் அச்சிட்டால் கம்பீரமாக இருக்கும் என்ற யோசனை எந்தப் பேய் சொன்னதோ. ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தால் 10 என்பது ௧௦ என்று மாறிவிடும். (பழைய தமிழில் பூஜ்யம் கிடையாது, பத்துக்கு ௰ என்று தனிக் குறி. தமிழ்ப் பூஜ்யம் யூனிகோடில் ஏறியதே 2005இல்தான்.) நான் அந்தக் குறிப்பை அழைப்பிதழ் முழுதுக்கும் பொதுவாகப் போட்டுவிட்டேன். கைபேசி எண்ணும் தமிழானது. ஆனதோடு நிற்காமல், லட்சம் கோடி கணக்கில் கமா வைத்துக்கொண்டு தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடியாக நின்றது. ‘௭’ஐ எ என்றும் ‘௮’ஐ அ என்றும் எழுத்துக் கூட்டிப் படித்த அத்தை, “ஏண்டா, இது போன் நம்பரா, மந்திரமா?” என்றாள்.

முதல் பத்திரிகையைக் கொடியிடை நாயகி காலடியில் வைப்பதற்குள் இதெல்லாம் கண்ணில் பட்டது அம்மன் கிருபை. எங்கள் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி மற்ற ஊர்களைப் போல சுவாமியைப் பார்த்து இருக்காது. வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்பார்கள். அந்த வாரம் அப்பா என்னைப் பார்த்தபோதெல்லாம் அந்த நந்தி மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். எந்தப் போருக்கும் புறப்பட்டதாகத் தெரியவில்லை.

அழைப்பிதழை என் கையிலிருந்து பிடுங்கி அச்சகத்தில் கொடுத்தார்கள். முகவரிப் பட்டியலாவது நான் என்றேன். சென்னையில் பாதி வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள். அட்டவணையில் 5/12 என்று ஒரு கட்டத்துக்குள் எழுதி அடுத்த கட்டத்துக்குப் போனால் அது 5-டிச என்று மாறியிருக்கும். நாற்பது வீடுகள் தேதிகளாயின. தபால்காரர் என்ன நினைத்திருப்பாரோ, எட்டு உறைகள் திரும்பி வந்தன. இந்த வகையில் எனக்குத் துணைக்குப் பெரிய மனிதர்கள் உண்டு. மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் ஆய்வாளர்களின் அட்டவணைகளில் தேதிகளாக மாறி மாறி, கடைசியில் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே 2020இல் மாற்றிவிட்டது. அட்டவணையைத் திருத்துவதைவிட மனித உடம்பின் பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

இனி மொய். தொகையை எண்ணால் தட்டினால் எழுத்தாலும் அச்சிட்டு ரசீது தரும்படி செய்திருந்தேன். நூறு, ஐநூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வீட்டு வாசலில் வெள்ளோட்டம். அத்தை முதல் ஆளாக 1,001 என்று சொல்ல, அச்சுப்பொறி ‘ஆயிரம் ஒன்று ரூபாய்’ என்று ரசீது நீட்டியது.

அத்தை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். “ஆயிரம் ஒன்று ரூபாயா? உன் கம்ப்யூட்டரு இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதாடா?”

சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. பிழை எங்கே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் எண்ணுக்குப் பின்னால் வால் இருந்தால் எண் குனியும். நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும். ரூபாய் வந்தால் ஒன்று ஒரு ஆகும். வால் இல்லாத முழு எண் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கும். நான் சோதித்ததெல்லாம் முழு எண்கள். ஆனால் மொய்யில் முழு எண்ணே கிடையாதே! பூஜ்யத்தில் முடியக் கூடாது என்றுதானே நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணு, ஆயிரத்தியொண்ணு என்று வைக்கிறோம்? பிறந்ததிலிருந்து வாயால் சரியாகச் சொல்லிவருவதை விரலால் ஒரு தரம்கூடச் சரியாக எழுதவில்லை நான்.

அன்று இரவே திருத்த உட்கார்ந்தேன். ஆயிரத்தையும் நூறையும் குனியவைத்தேன். பிறகு ஒன்பது வந்து குறுக்கே படுத்தது. எட்டுக்கு எண்பது, எண்ணூறு, எட்டாயிரம். ஒன்பதுக்குத் தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம். பத்துகளில் எண்ணும்போது நூறு என்று சொல்லிக்கொள்கிறது, நூறுகளில் எண்ணும்போது ஆயிரம் என்று சொல்லிக்கொள்கிறது, நிஜமான ஆயிரத்துக்கு வந்தால் மட்டும் ஒழுங்காகிவிடுகிறது. தொல்காப்பியத்தில் குற்றியலுகரப் புணரியலிலும் பிறகு நன்னூலிலும் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. பள்ளியில் தமிழையா அந்தப் பகுதியை நடத்தியபோது நான் கடைசி பெஞ்சில் கணினி விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன். விடிய இரண்டு மணிக்கு 999ஐத் தட்டினேன். ‘ஒன்பது நூற்று தொண்ணூறு ஒன்பது’ என்றது. என் நிரலைக் கேட்டால் ‘முற்பகல் இரண்டு மணி’.

“ரசீதும் வேணாம் ஒண்ணும் வேணாம். பேரையும் தொகையையும் மட்டும் ஏத்து” என்று காலையில் அப்பா உத்தரவு போட்டார். அந்த உத்தரவுதான் பெரிய விபத்துக்குக் காரணம். ரசீது இருந்திருந்தால் முதல் ஆளே கத்தியிருப்பார்.

சி.டி.எச். சாலை மண்டபத்தில் மேடைக்கு இடதுபுறம் மேஜை போட்டு இரண்டு மடிக்கணினிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் சித்தப்பா. சித்தப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கமா இல்லாமல் ஆயிரம் எழுதினால் அவருக்குக் கை நடுங்கும். நான் சோம்பேறி; 1001 என்று நாலு தட்டு. அவர் 1,001 என்று ஐந்து தட்டு.

எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. இடமிருந்து வலமாக இலக்கங்களைப் பொறுக்கிக்கொண்டே போகும். இலக்கம் அல்லாத எதையாவது கண்டால் அங்கேயே நின்று, அதுவரை பொறுக்கியதை நீட்டும். சந்தேகம் கேட்காது, புகார் சொல்லாது. 1,001 என்று கொடுத்தால் ஒன்று. 5,001 என்றால் ஐந்து. 10,001 என்றால் பத்து. 501 மட்டும் 501.

ஆக, சித்தப்பாவின் மேஜையில் ஐநூற்று ஒன்று வைத்தவர்கள் முழுதாகப் பதிவானார்கள். அதற்கு மேல் கை தாராளமாக நீண்டவர்கள் ஒன்று, இரண்டு, ஐந்து என்று பிச்சைக் காசாகப் பதிவானார்கள். ஒழுங்காக எழுதியவர் கணக்கு அழிந்தது, அலட்சியமாகத் தட்டிய என் கணக்கு பிழைத்தது. ராத்திரி பெட்டியை எண்ணியபோது நாலு லட்சத்துக்கு மேல் இருந்தது. திரை அறுபத்தோராயிரத்துச் சொச்சம் என்றது. கல்யாண வீட்டில் மொய்ப் பணம் குறைந்தால் சண்டை வரும். கூடினால் என்ன செய்வது என்று எந்த நோட்டிலும் இல்லை. “பரவாயில்லப்பா, லாபம்தானே” என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். லாபமா? அவ்வளவும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யாருக்கு எவ்வளவு என்பதுதான் காற்றில் போயிருந்தது. 5 என்று இருந்தால் 5,001ஆகவும் இருக்கலாம், 5,999ஆகவும் இருக்கலாம்.

(கமா என்றதும் ஒரு சங்கதி. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மச்சான் கைபேசியில் அதே நிரலில் சும்மா ஒரு லட்சத்து ஒன்று என்று தட்டிப் பார்த்தால் 100,001 என்று மூன்று மூன்றாகப் பிரிந்து தெரிந்தது, என்னுடையதில் 1,00,001. இந்தியத் தமிழுக்கு லட்சக் கணக்கு, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மில்லியன் கணக்கு என்று அந்தத் தரவுத் தொகுப்பு தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. ஒரே மொழி, இரண்டு கமா. அதை மட்டும் என் நிரல் பிழையில்லாமல் செய்தது. பாராட்டத்தான் ஆள் இல்லை.)

மறுநாளே நிரலைத் திருத்தினேன். தொண்டைமான் தெரியாமல் வீசி எங்கள் சுவாமி மேல் பட்ட வாள் வெட்டுக்கு வருஷம் முழுதும் சந்தனக் காப்பு. நானும் என் பங்குக்கு ஒரு வரி பூசினேன். தட்டியதில் இலக்கமும் புள்ளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு அப்புறம் எண்ணாக மாற்று. புள்ளி எதற்கு? காசு யாராவது எழுதினால் விட்டுப்போகக் கூடாதே. அவ்வளவு ஜாக்கிரதை.

தை பிறந்தது. உசிலம்பட்டி மாமா மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. பட்டியலில் அவர் பேருக்கு நேரே 5. அப்பா பத்திரிகையை என் முன்னால் வைத்துவிட்டு நந்தியாகத் திரும்பிக்கொண்டார். வெட்கத்தை விட்டு சித்தப்பாவிடம் போய் நின்றேன். அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று இழுத்தேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பாக்கெட் நோட்டை எடுத்து வந்தார். அன்று தட்டிய ஒவ்வொன்றையும் மேஜைக்குக் கீழே பென்சிலாலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பேர், ஊர், தொகை. ஒரே ஊர்க்காரர் அடுத்தடுத்து வந்த இடத்தில் மேற்படி என்பதற்குப் பழைய ௸ குறிகூட.

“ஆறு மாசமா நான் தூங்கல. இதை ஏன் சித்தப்பா சொல்லவே இல்ல?”

“நீ கேக்கவே இல்லையே தம்பி.”

அவர் பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்தேன். அவர் எழுதியிருந்தது எழுதியபடியே ஏற வேண்டும் என்று வைராக்கியம். மாமா பேரைத் தேடி, நோட்டில் இருந்தபடி ‘ரூ.5,501’ என்று, ரூவும் புள்ளியும் கமாவும் விடாமல் தட்டினேன். நிரல் ரூவை வழித்தது, கமாவை வழித்தது, புள்ளியைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. புள்ளி ஐந்து ஐந்து பூஜ்யம் ஒன்று. திரையில் மாமா ஐந்து ரூபாயிலிருந்து ஐம்பத்தைந்து காசுக்கு இறங்கினார்.

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நோட்டக் குடு தம்பி” என்றார்.