நாக்கு நாலு முழம்: மரக்காணத்து உப்பளங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கறிவேப்பிலையைத் தட்டோரத்தில் அடுக்கி, கத்திரிக்காயை ஒதுக்கி, கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை ஊரார் 'நாக்கு நாலு முழம்' என்பர். செல்லம் கொடுத்துக் கெட்டது என்பாரும் உளர். அது பொருந்தாது. பிற்காலத்தில் உணவுத் தொழிலுக்கு உரியவன் இவனே என்பது எம் துணிபு. சான்று யாதோ எனின், மரக்காணம் என்க.

பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் செல்பி எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைக் குவியல்களுக்குப் பின்னால் ஒரு பெரும் பிடிவாதம் இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3. பாத்தி மாறிப் பாத்தி ஓடி வெயிலில் சுண்டி, 13 வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு நீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். 25-ல்தான் உப்பு பூக்கும். 29, 30 ஆனால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெக்னீசியம் ஏறி உப்பு கசக்கும். முன்னால் வந்தது வேண்டாம், பின்னால் வருவதும் வேண்டாம், நடுவில் இருப்பது மட்டும் போதும். இந்த அடத்தை நம் பிள்ளை செய்தால் முதுகில் விழும். உப்பளம் செய்தால் நாடே சாப்பிடுகிறது.

வாரிக் குவித்த பிறகும் அடம் தீர்வதில்லை. அன்று வாரிய உப்பில் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பாருங்கள்: முதலில் கரிக்கும், பிறகு அடிநாக்கில் மெல்லிய கசப்பு தங்கும். ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து குவியலின் அடியில் வடிந்தபின்தான் கசப்பு குறையும். இவ்வூர்ப் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளில் உப்பளம் வருகிறது; அடம்பிடித்த பிள்ளை எவன் பெயரும் இல்லை. கல்வெட்டுக்காரர்களின் கவனக்குறைவு என்றே கொள்வோம்.

இனி நாக்கு. 1931-ல் ஆர்தர் பாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி பறந்தது. சக ஊழியர் கசக்கிறது என்றார். பாக்ஸுக்கோ சுவையே இல்லை. கசப்பு எல்லா நாக்குக்கும் ஒன்றல்ல என்று அன்று தெரிந்தது. பாகற்காய்க்கு அழும் பிள்ளை நடிக்கவில்லை என்பது இதனால் பெறப்படும். உப்பு கசப்பை அமுக்கி மற்றச் சுவைகளைத் தூக்கிவிடும் என்று பிரெஸ்லினும் பியூச்சாம்பும் 1997-ல் எழுதினார்கள். பாகற்காயில் உப்புப் பிசறி வைக்கும் பாட்டிமார் கட்டுரை எதுவும் எழுதவில்லை.

வேலை நியமனம் எப்போது நடக்கிறது? விரத நாளில். அம்மா குழம்பை ருசி பார்க்கக் கூடாது. "டேய், உப்பு இருக்கா பாரு" என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். எதைப் போட்டாலும் தின்கிற அண்ணனை அழைப்பதில்லை. அவன் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கும்மா" என்பான். தம்பி முகத்தைச் சுளித்து, "அரைக் கல்லு கொறையுது" என்பான். குறையத்தான் செய்யும்.

அடம்பிடிப்பவனே உணவுத் தொழிலுக்கு உரியவன் என்பது மரக்காணத்துக்கு மட்டும் பொருந்தும் விதியன்று. ஜெப்ரி ஸ்டைன்கார்ட்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1989-ல் வோக் இதழின் உணவு விமர்சகர் ஆனார். கிம்ச்சி ஆகாது, நெத்திலி ஆகாது என்று அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. வேலை கிடைத்ததும் ஒவ்வொன்றாகத் தின்றே பழகினார். 1997-ல் 'எல்லாவற்றையும் தின்ற மனிதன்' என்ற பொருளில் தலைப்பிட்டுப் புத்தகம் போட்டார். பட்டியலில் இந்திய உணவகங்களின் இனிப்புகளும் இருந்தன. அவருக்கு எந்தக் கடைக்காரர் என்ன கொடுத்தார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.