வெளுத்ததெல்லாம் பால்

வெள்ளைப் பட்டியல் வகுத்த பெரியவர்களின் மேலான சமூகத்துக்கு,

கயத்தாறு பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவனின் கும்பிடு.

போன வாரம் எங்கள் ஊர் ஓடைக்காக மனு எழுதிக்கொண்டு காற்றாலைக் கம்பெனியின் சைட் ஆபீசுக்குப் போனேன். கிரேன் போகச் சரள் அடித்த ரோடு ஓடையை மறித்துக் கிடக்கிறது. அடியில் ஒரு சிமென்ட் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. ஐப்பசி மழை குளத்துக்குப் போகாமல் என் உளுந்துக்குள் நின்று அழுகடித்தது. மனுவை வாங்கிய தம்பி பிரிக்கவே இல்லை. “அண்ணாச்சி, இது ஒயிட் கேட்டகிரி. மாசே கிடையாது. மாசு இல்லாத இடத்துல புகார் எப்படி வரும்?” என்று திருப்பித் தந்துவிட்டு, கையில் ஒரு காலண்டரையும் திணித்தார். அதில் காத்தாடிக்கு முன்னால் தோகை விரித்த மயில்.

அப்போதுதான் தங்கள் வெள்ளை மனசு எனக்குப் பிடிபட்டது. 2016-இல் மாசின் அளவைப் பார்த்து, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று தொழில்களுக்கு மறுபடி நிறம் பூசியபோது, காற்றாலை போன்றவற்றுக்கென்று வெள்ளையைக் கரைத்தீர்கள். இசைவாணை வேண்டாம், தகவல் சொன்னால் போதும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலும் அது இல்லை. ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வேலையை விட்டு வரும் சிரமமும் எங்களுக்கு மிச்சம்.

புகையில்லை, சாம்பலில்லை, வாஸ்தவம். அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்தவன் நான். காத்தாடியே வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. எங்கே நடுவது என்பதுதான் வழக்கு. குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் நடக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசின் வழிகாட்டு நெறி வந்தாயிற்று. டேப் பிடித்து அளக்க வந்த வெள்ளை உள்ளத்தை எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

மனுசர் பாடு இது என்றால், பறவை பாடும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சல்கேவாடி மேட்டில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. காத்தாடி இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், நட்ட இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். தூக்கிப்போக ஆளில்லாமல் ஓணான்கள் பெருகின. மனுசன் கிட்டத்தில் போனாலும் சட்டென்று ஓடவில்லை, உடம்பு மட்டும் மெலிந்துவிட்டது. ஓணானுக்கும் வெள்ளை மனசு வந்துவிட்டது, பாருங்கள்.

ஐயா, ஓடையில் மண்ணைக் கொட்டியது எந்த நிறம்? இறக்கைக்கு இடைஞ்சல் என்று பனையை வெட்டியது எந்த நிறம்? குளம் நிறையாமல் கிணறு ஊறுமா? இதைக் கேட்க ஒரு ஆபீசும் கிடையாது என்றால், பட்டியல் யாருக்காகப் போட்டீர்கள்?

மன்னிக்கவும். வெள்ளை உள்ளங்களிடம் குரல் உயர்த்துவது முறையல்ல.

2024-இல் தமிழக அரசின் மறுசீரமைப்புக் கொள்கையும் வந்திருக்கிறது. பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டு, பல மடங்கு பெரியவற்றை மாட்டலாம். நல்ல காரியம். நீள இறக்கை திரும்ப அகல ரோடு வேண்டும். அகல ரோட்டுக்கு இன்னும் ஓடைகள் வேண்டும். எங்களிடம் மூன்று மிச்சமிருக்கின்றன.

வரும் ஐப்பசியில் தங்களில் ஒருவர் அந்தக் குழாய்ப் பக்கம் வந்து நின்றால் போதும். வெள்ளை வேட்டி மட்டும் கட்டி வராதீர்கள். கரிசல் கறை சோடா உப்பில் ஊற வைத்தாலும் போகாது.

இப்படிக்கு,
மாசற்ற பகுதியில் வசிப்பவன்