எந்த வெள்ளை?

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டதா? இங்கே வீட்டில் ஒரே பேச்சுதான்: கூடத்துக்கு எந்த வெள்ளை அடிப்பது?

சிரிக்காதீர்கள். பெஞ்சமின் மூர் என்று ஒரு பெயிண்ட் கம்பெனி, தலைமையகம் இதே மாநிலத்து மான்ட்வேலில். ஆஃப் ஒயிட்டில் மட்டும் சுமார் 150 வகை வைத்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் நிறம் என்று அவர்கள் அறிவித்தது 'சிம்ப்ளி ஒயிட்'. போட்டிக் கம்பெனி ஷெர்வின் வில்லியம்ஸ் அதே ஆண்டுக்கு அறிவித்தது 'அலபாஸ்டர்'. அதுவும் வெள்ளைதான்! ஆடவல்லானுக்குப் பொன், வெள்ளி, தாமிரம், சித்திரம், நம்மூர் ரத்தினம் என்று ஐந்து சபை. யாராவது ஒன்றை இன்னொன்றென்று நினைத்ததுண்டா?

உங்கள் மருமகள் சாம்பிள் டப்பாக்கள் வாங்கிச் சுவரில் கட்டம் கட்டமாகப் பூசினாள். காலையில் 'ஒயிட் டவ்' பிடித்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அதுவே மோர்க்குழம்பு மாதிரி இருக்கிறதென்றாள். எனக்கு எல்லாம் சுவராகத்தான் தெரிந்தது.

கடைப் பையன் விளக்கினான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் மெஷின் துளித் துளியாக மஞ்சளோ கறுப்போ சிவப்போ விடுகிறது. அந்தத் துளிக்குத்தான் இத்தனை பெயர். எங்கள் கூடத்து ஜன்னல் வடக்குப் பார்த்தது. நேர்வெயில் அநேகமாக விழாது, வானத்து நீலம்தான் வரும், வெள்ளை சாம்பல் தட்டும். ஆகவே மஞ்சள் சாயல் வேண்டுமாம்.

பொங்கலுக்கு முன் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி, கொதித்து அடங்கியதும் பழுப்பு தெரியாமலிருக்க நீலம் கலப்பீர்களே, அதே வித்தைதான். இவர்கள் மஞ்சளில் செய்கிறார்கள். எந்தத் துளி என்று சொல்வதற்கே பணம் வாங்கும் ஆலோசகர்களும் உண்டு. நீங்கள் இங்கே வந்தால் நன்றாகச் சம்பாதிக்கலாம்.

நம்மூர் ஆட்டப் போட்டியில் ஆடவல்லானிடம் காளி தோற்றாள். நியூஜெர்சியில் தீர்ப்பு வேறு. கூடத்துக்கு ஒயிட் டவ், படுக்கையறைக்கு 'கிளவுட் ஒயிட்'. இரண்டும் வேறு வேறு என்று வருகிறவர்களிடம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கும் சுண்ணாம்பே அடியுங்கள். தம்பி அரக்கோணத்திலிருந்து கலர் அட்டை ஏதாவது வாங்கிவந்தால், சித்தி கண்ணில் படுமுன் பரணில் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் கூடவே.